திரையிழந்த கண்ணும் செயற்கை லென்ஸும்

நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்குத் தவறாமல் வருகிறவர்கள் என்னைக் கவனித்திருப்பீர்கள். அரங்கத்துக்குள்ளேயும் தொப்பியைக் கழற்றாமல், மேடை விளக்குகளுக்குச் சற்றே முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடைசி வரிசைத் தூணோரம் உட்கார்ந்திருக்கும் பெரியவர் நான்தான். போன விழாவில் ஒரு குழந்தை என் மடியில் ஏறி உட்கார்ந்து முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "தாத்தா, உங்க ஒரு கண்ல மட்டும் கறுப்பு ஏன் இவ்ளோ பெரிசா இருக்கு?" என்று கேட்டது. தாயார் பதறிப் போய் குழந்தையை இழுத்துக்கொண்டார். "விடும்மா, நல்ல கேள்விதானே" என்றேன். ஆனால் ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கும் பதில் என்னிடம் இல்லை. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, அந்தக் குழந்தைக்குச் சொல்ல வேண்டிய பதிலையே எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

நான் மருத்துவன் அல்லன். கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நோயாளியாக மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவை சில உண்டு. அவற்றில் நிச்சயமானவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

அன்று நடந்தது

2012ஆம் ஆண்டு மே மாதம். ஊருக்குப் போக வேண்டும், இரவு ரயில். நாக்பூர் வெயில் உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்கும் தரை சுடும். மகன் ஸ்கூட்டரின் பின்னால் பெட்டியை வைத்து, இரண்டு முனையிலும் இரும்புக் கொக்கி உள்ள ரப்பர் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தோம். "இன்னும் கொஞ்சம் இழுடா" என்று சொல்லி, நானே குனிந்து இழுத்தேன். எதிர்முனைக் கொக்கி நழுவியது. அது வந்த வேகத்தில் கண்ணை மூடக்கூட நேரமில்லை. வலது கண்ணில் பட்டது.

வலியைவிட, கன்னத்தில் வெதுவெதுவென்று ஏதோ வழிந்ததுதான் நினைவில் நிற்கிறது. அன்றிரவே கண்ணைத் தைத்தார்கள். கண் உருண்டை கிழிந்திருந்தது. கண்ணின் இயற்கை லென்ஸும், அதற்கு முன்னால் திரைபோல் இருக்கும் ஐரிஸ் முழுவதும் காயத்தின் வழியே வெளியேறிவிட்டன. பத்து நாள் கழித்துக் கண்ணின் உட்புறத்தில் தேங்கிய ரத்தத்தை நீக்க இன்னொரு அறுவை சிகிச்சை. "விழித்திரை தப்பிவிட்டது சார், அதுவே பெரிய காரியம்" என்றார் மருத்துவர். லென்ஸ் போனது எனக்குப் புரிந்தது. கண்புரை அறுவையில் எல்லாருக்கும் லென்ஸை எடுத்துவிட்டு வேறு வைக்கிறார்களே! ஐரிஸ் போனால் என்ன ஆகும் என்பது மட்டும் அப்போது புரியவில்லை. கண்ணின் நிறம் போய்விடும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

ஐரிஸ் என்பது என்ன?

கண்ணின் முன்புறம் கடிகாரக் கண்ணாடி போல வளைந்து, ஒளி ஊடுருவும்படி இருப்பது கார்னியா. அதன் குறுக்களவு சுமார் 11 முதல் 12 மி.மீ. அதற்குப் பின்னால் கண்ணீருக்குச் சம்பந்தமில்லாத ஒரு தெளிந்த நீர். அந்த நீருக்குள் தொங்கும் வட்டமான திரையே ஐரிஸ். நம்மில் பெரும்பாலோருக்கு அது அடர்ந்த பழுப்பு நிறம். வெள்ளைக்காரர்களில் பலருக்கு நீலம், சாம்பல், பச்சை. திரையின் நடுவில் உள்ள துவாரம்தான் பாவை. எதிரே நிற்பவரின் உருவம் சின்னஞ்சிறு பொம்மையாக அதில் தெரிவதால் வந்த பெயர். லத்தீன் மொழியிலும் அதே காரணத்தால் அதே பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது வியப்பு. காமத்துப்பாலில் தலைவன் தன் கண்மணிப் பாவையையே இடத்தைக் காலி செய்யச் சொல்லும் குறள் உங்களுக்கு நினைவு வரலாம்.

இந்தத் திரையில் இரண்டு தசைகள் உண்டு. துவாரத்தைச் சுற்றி வளையமாக இருக்கும் தசை சுருங்கினால் பாவை சிறுக்கும். ஆரக்கால்போல் பரவியிருக்கும் தசை சுருங்கினால் பாவை விரியும். நல்ல வெயிலில் பாவை ஏறத்தாழ 2 மி.மீ.; இருட்டில் இளைஞர்களுக்கு 8 மி.மீ. வரை. குறுக்களவு நான்கு மடங்கானால் பரப்பு பதினாறு மடங்கு. அதாவது உள்ளே விழும் ஒளியைப் பதினாறு மடங்கு கூட்டவும் குறைக்கவும் வல்ல கதவு அது. நாம் கேட்காமலேயே திறந்து மூடுகிறது. திரையின் பின்பக்கம் கறுப்பு நிறமி அடர்ந்த அடுக்கு ஒன்று இருப்பதால், துவாரத்தின் வழியாக அல்லாமல் வேறு வழியே வெளிச்சம் நுழையாது.

என்னிடம் ஒரு பழைய யாஷிகா கேமரா இருந்தது. பிலிம் காலத்தில் படம் எடுத்தவர்களுக்கு அப்பர்ச்சர் என்றால் தெரியும். துவாரத்தைச் சிறிதாக்கினால் வெளிச்சம் குறையும். கூடவே கிட்டேயும் தூரத்திலும் உள்ளவை ஒருசேரத் தெளிவாக விழும். முழுக்கத் திறந்து வைத்தால் ஒன்று தெளிந்து மற்றது கலங்கும். கண்ணிலும் அதே கணக்குதான். கார்னியாவின் ஓரத்தில் விழும் கதிர்கள் நடுவில் விழும் கதிர்களோடு ஒரே புள்ளியில் சேருவதில்லை. அந்த ஓரக் கதிர்களைத் தடுத்து நிறுத்துவதும் ஐரிஸின் வேலையே.

ஆகவே ஐரிஸ் போனால் நிறம் மட்டும் போவதில்லை, கதவே போய்விடுகிறது.

எப்படிப் போகிறது?

ஐரிஸின் விளிம்பு, அதாவது கண்சுவரோடு அது ஒட்டியிருக்கும் வேர்ப்பகுதிதான், அதன் மிக மெல்லிய இடம். கண்ணில் வேகமாக ஏதேனும் மோதும்போது உள்ளிருக்கும் நீர் பின்னுக்குத் தள்ளப்பட்டு, முதலில் கிழிவது இந்த வேர். சிறிது கிழிந்தால் மெல்லிய நூலால் தைத்துச் சேர்த்துவிடலாம். கண் உருண்டையே கிழிந்தால் உள்ளே இருப்பது வெளியே பிதுங்கி, ஐரிஸ் பகுதியாகவோ முழுதாகவோ போய்விடும். தோல் கிழிந்தால் வளர்ந்து மூடும். ஐரிஸ் அப்படி வளர்வதில்லை. அதில் விழுந்த ஓட்டை ஓட்டையாகவே நிற்கும்.

காரணங்கள் நம் வீட்டிலும் தெருவிலும் உள்ளவைதாம். தீபாவளிப் பட்டாசு, கிட்டிப்புள், வில்லும் அம்பும், கிரிக்கெட் பந்து, இறகுப்பந்து, சுத்தியலால் அடிக்கும்போது தெறிக்கும் இரும்புத் துணுக்கு, சாலை விபத்தில் உடையும் கண்ணாடி, என்னைப்போல் கொக்கிக் கயிறு.

இன்னொரு வழியும் உண்டு. நம் வீட்டுப் பெரியவர்களுக்காக இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கண்புரை அறுவை முடிந்து, உள்ளே லென்ஸ் வைத்துக்கொண்டு, நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, குழாயிலோ வாளி விளிம்பிலோ கண் மோதினால், பழைய அறுவைக் கீறல் ஒரு கணம் திறந்து, ஐரிஸ் மட்டும் அதன் வழியே வெளியே உருவிக்கொண்டு வந்துவிடுவது உண்டு. கீறல் தானே மூடிக்கொள்ளும். உள்ளே வைத்த லென்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். இத்தகைய நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அறுவை நடந்து ஆண்டுகள் கடந்தும் நேரலாம். ஆகவே குளியலறையில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள். கண்ணுக்கும் அது காப்பு.

இவை தவிர, பிறவியிலேயே ஐரிஸ் இல்லாத குழந்தைகளும் உண்டு. பெரும்பாலும் பேக்ஸ்-6 என்னும் மரபணுவின் மாற்றத்தால் வருவது. அது தனிக் கதை. அந்தக் கண்களில் வேறு குறைகளும் சேர்ந்தே இருக்கும். நான் பேசுவது காயத்தால் போனதைப் பற்றி.

கதவில்லாத கண்

சொன்னால் நம்புவது கடினம். காயம் ஆறிய பிறகு என் பெரிய தொல்லை, பார்வைக் குறைவு அன்று, வெளிச்சம். காலையில் ஜன்னல் திரையை விலக்கினால் வலது பக்கம் வெள்ளைச் சுவர் எழுப்பினாற்போல் இருக்கும். ஆரஞ்சு மண்டிக்குப் போகிற சாலையில் எதிரே வரும் லாரியின் முகப்பு விளக்கு ஒன்று பத்தாகச் சிதறும். இடது கண் நல்ல கண்தான். ஆனாலும் வலது கண் கூசினால் இரண்டும் சேர்ந்து மூடிக்கொள்ளும். நல்ல கண்ணாலும் பார்க்க முடியாது. "ஏங்க, அந்தக் கண்ணைக் கட்டிக்கிட்டே இருந்துடுங்களேன்" என்று மனைவி அழாத குறையாகச் சொன்னாள். பல மாதம் கட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

முதலில் சொன்ன வழிகள் கத்தி படாத வழிகள். ஒன்று, பக்கவாட்டிலும் மறைப்புள்ள கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும். இரண்டு, நிறம் தீட்டிய கான்டாக்ட் லென்ஸ். நடுவில் தெளிவான துவாரமும் சுற்றிலும் ஒளி புகாத பழுப்பு வளையமும் உள்ள லென்ஸ் அது. தேவையான பவரையும் அதிலேயே சேர்க்கலாம். பலருக்கு இதுவே போதும், அறுவை வேண்டியதில்லை. முதலில் இதைத்தான் முயன்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. எனக்கு ஓராண்டு ஓடியது. கார்னியாவில் தழும்பு இருந்ததால் லென்ஸ் சரியாக உட்காரவில்லை. நம்மூர்ப் புழுதி வேறு. கண் சிவந்து சிவந்து கடைசியில் மருத்துவரே நிறுத்தச் சொல்லிவிட்டார். மூன்றாவதாக, கார்னியாவிலேயே பச்சை குத்துவதுபோல் நிறமேற்றும் முறையும் இருக்கிறது. எனக்கு அது பொருந்தாது என்று சொல்லிவிட்டார்கள்.

போர் விமானத்திலிருந்து கண்ணுக்கு

கண்ணுக்குள் பிளாஸ்டிக் வைப்பது என்ற எண்ணமே காயத்திலிருந்து பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகளின் கண்களில், குண்டடி பட்டு உடைந்த விமான முகப்பின் பெர்ஸ்பெக்ஸ் துணுக்குகள் பாய்ந்தன. சாதாரணமாக அன்னியப் பொருள் பட்டால் கண் கொதித்துச் சீழ்க்கட்டும். இந்தத் துணுக்குகளையோ கண் பொறுத்துக்கொண்டது. இதைக் கவனித்த ஹரால்ட் ரிட்லி, அதே வகைப் பிளாஸ்டிக்கால் லென்ஸ் செய்து, 1949 நவம்பர் 29 அன்று லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் ஒருவர் கண்ணில் பொருத்தினார். அப்போது அவருக்குக் கிடைத்தது பாராட்டைவிட எதிர்ப்புத்தான். இன்று உலகெங்கும் கண்புரை அறுவையில் லென்ஸ் வைப்பது வழக்கமாகிவிட்டது. ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த விலை கூடிய அந்த லென்ஸை, மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் அங்கமாக 1992இல் தொடங்கிய ஆரோலேப் மலிவாகச் செய்து காட்டியது நமக்கெல்லாம் பெருமை.

லென்ஸ் வைக்க முடியும் என்றானபின், லென்ஸைச் சுற்றி ஒரு திரையும் சேர்த்துச் செய்தால் என்ன என்ற கேள்வி எழாமல் இருக்குமா? ரிட்லியோடு பணியாற்றிய பீட்டர் சாய்ஸ் 1960களிலேயே நிறத் திரையுள்ள லென்ஸ் செய்து பார்த்தார். ஆனால் கண்ணின் முன்னறையில், கார்னியாவை ஒட்டி வைத்த அந்த வகைகள் பல தொல்லைகளைத் தந்தன. ஜெர்மனியில் சுண்ட்மாக்கர் குழுவினர் கறுப்புத் திரையுள்ள லென்ஸை இயற்கை ஐரிஸ் இருந்த இடத்துக்குப் பின்னால் வைத்து, அதன் பலனை 1994இல் வெளியிட்டனர். அதன்பின் இத்துறை வேகம் பிடித்தது.

இன்று உள்ளவை

இன்று கிடைப்பவற்றை மூன்று வகையாகச் சொல்லலாம்.

முதல் வகை, லென்ஸும் திரையும் ஒன்றாக வார்க்கப்பட்டது. நடுவில் 4 அல்லது 5 மி.மீ. தெளிவான லென்ஸ், சுற்றிலும் ஒளி புகாத வளையம், இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தும் வளைந்த கால்கள். ஜெர்மனியின் மோர்ச்சர் நிறுவனம் கறுப்பிலும், நெதர்லாந்தின் ஆப்டெக் நிறுவனம் பழுப்பு, நீலம், பச்சை நிறங்களிலும் செய்தன. பி.எம்.எம்.ஏ. என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் மடங்காது என்பதால் 10 மி.மீ. அளவுக்குக் கீறல் வேண்டும். இக்காலக் கண்புரை அறுவையின் கீறல் 3 மி.மீட்டருக்கும் குறைவு என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். லென்ஸும் ஐரிஸும் இரண்டும் போன கண்ணுக்கு ஒரே பொருளால் இரண்டு குறையும் தீருகிறது என்பது இதன் லாபம்.

இரண்டாவது வகை, சீப்புப் பல்போலக் கறுப்புத் தகடுகள் உள்ள வளையங்கள். இயற்கை லென்ஸின் உறை மிச்சமிருக்கும் கண்ணில், சாதாரண லென்ஸோடு இரண்டு வளையங்களை அந்த உறைக்குள் நுழைத்துத் திருப்பினால், ஒன்றின் இடைவெளியை மற்றொன்றின் பல் மறைக்கும்; முழுத் திரை உருவாகும். சிறு கீறலே போதும். ஆனால் இதன் பொருள் உடையக்கூடியது. உறையே போய்விட்ட என் போன்றவர்களுக்கு உதவாது.

மூன்றாவது வகை, மடிக்கக்கூடிய சிலிக்கோன் திரை. ஜெர்மனியில் பேராசிரியர் ஹான்ஸ்-ரைன்ஹார்ட் கோக் துணையோடு ஹியூமன் ஆப்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கியது. நோயாளியின் நல்ல கண்ணைப் படமெடுத்து அனுப்பினால், அதைப் பார்த்துக் கையாலேயே நிறம் தீட்டித் தருகிறார்கள். குறுக்களவு 12.8 மி.மீ.; நடுத் துவாரம் 3.35 மி.மீ. கண்ணின் அளவுக்கு வெட்டி, மடித்துச் சிறு கீறல் வழியே நுழைக்கலாம். இதில் லென்ஸ் கிடையாது. லென்ஸைத் தனியே வைக்க வேண்டும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2018 மே 30 அன்று இதற்கு அனுமதி தந்தது. அந்நாட்டில் அனுமதி பெற்ற முதல் செயற்கை ஐரிஸ் இதுவே. 389 பேரிடம் நடந்த ஆய்வில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டோர் கூச்சம் நன்கு குறைந்ததாகவும், 94 சதவீதத்தினர் தோற்றம் திருப்தி என்றும் சொல்லியிருக்கின்றனர்.

மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. எந்தத் திரையும் சுருங்கி விரிவதில்லை. துவாரம் வெயிலிலும் அதேதான், இருட்டிலும் அதேதான். தசையை எந்தக் கம்பெனியும் செய்து தரவில்லை.

என் கண்ணில் செய்தது

2014இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போனேன். மருத்துவர் அம்மையார் நடுத்தர வயது; பொறுமையாகப் பேசினார். சிலிக்கோன் திரையின் விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. அவர் சிரித்துக்கொண்டே, "சார், உங்க இன்னொரு கண்ணு நல்ல அடர்ந்த பழுப்பு. கறுப்பு வளையம் வச்சா மூணு அடி தள்ளி நிக்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. நீலக் கண்ணுக்காரங்களுக்குத்தான் அந்தக் கவலை. உங்களுக்கு வேண்டியது வெளிச்சத்தை அடைக்கிறது, அதுக்கு இது போதும்" என்றார். எத்தனை எளிய உண்மை! நம் நாட்டுக் கண்ணின் நிறமே நமக்குச் செலவை மிச்சப்படுத்துகிறது.

அடுத்த கேள்வி, லென்ஸை எதில் மாட்டுவது என்பது. உறை இல்லை, ஐரிஸும் இல்லை. பிடிமானமே இல்லாத கண். இதற்குக் கண்ணின் வெள்ளைச் சுவரான ஸ்கிளீராவில் நூலால் தைத்து நிறுத்துவது பழைய முறை. சென்னையில் டாக்டர் அமர் அகர்வால் 2007இல் தொடங்கிய முறையில், லென்ஸின் கால்களை அச்சுவரில் செதுக்கிய சிறு பொந்துக்குள் செருகி, ரத்தத்தின் உறைபொருளான ஃபைப்ரின் பசையால் மேல்மூடியை ஒட்டுகிறார்கள். ஐரிஸ் இழந்த கண்களிலும் திரையுள்ள லென்ஸை இம்முறையில் வைத்திருக்கிறார்கள். எந்த முறை என்பதைக் கண்ணின் நிலை பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். எனக்குச் செய்தது தைக்கும் முறை.

கட்டு அவிழ்த்த காலை இன்னும் மறக்கவில்லை. மருத்துவமனை ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். இரண்டு ஆண்டுக்குப் பிறகு, வலது கண்ணில் வானமும் மரமும் தனித்தனியாக இருந்தன. அதுவரை இரண்டும் ஒரே வெள்ளைப் பூச்சு. கணக்குப் பிரிவுக்காரன் அல்லவா, கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 11.5 மி.மீ. திறப்பு 5 மி.மீ. ஆனால் நுழையும் ஒளியின் பரப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

பெறாதவற்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கட்டுரை நேர்மையாகாது. கண்ணாடி போட்டு அந்தக் கண்ணின் பார்வை 6/18. அதற்கு மேல் ஏறவில்லை. கார்னியாத் தழும்பு அப்படியே இருக்கிறது. நடு மத்தியான வெயிலில் இன்னும் கறுப்புக் கண்ணாடி வேண்டும். மேடை விளக்குக்கு இன்னும் தொப்பி வேண்டும். மங்கலான இடத்தில் வலது பக்கம் இருப்பது சட்டென்று பிடிபடாது. சினிமாக் கொட்டகையில் மனைவி கையைப் பிடித்துக்கொண்டுதான் படியேறுகிறேன். மூன்றாம் ஆண்டில் கண்ணழுத்தம் ஏறியது. காயம் பட்ட கண்ணில் நீர் வடியும் மூலை சிதைந்திருப்பதால் இது எத்தனையோ ஆண்டு கழித்தும் வரலாம். உள்ளே வைத்த பொருளும் சேர்ந்து இதைக் கூட்டலாம். அன்று முதல் காலையும் இரவும் சொட்டு மருந்து; ஆயுள் முழுக்க. சிலருக்குக் கார்னியா மங்குவதும், உள்ளழற்சி நீடிப்பதும், திரை நகர்ந்துவிடுவதும் உண்டு. பாவையை மருந்தால் விரிக்க முடியாததால் விழித்திரையின் ஓரத்தைச் சோதிப்பதும் மருத்துவருக்குச் சிரமம். ஆகையால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போவதை நான் தவறவிட்டதில்லை.

நல்ல கண்ணில் வேண்டாம்

இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நமக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன் தொலைபேசியில் கூப்பிட்டான். "அங்கிள், உங்க கண்ல ஐரிஸ் வச்சிருக்காங்களாமே, எந்தக் கம்பெனி நல்லது?" யாருக்கு அடிபட்டதோ என்று பதறினேன். யாருக்கும் இல்லை. வெளிநாடு போய்க் கண்ணை நீலமாக்கிக்கொண்டு வரலாம் என்று அவனுக்கு ஆசை.

இது மிகவும் அபாயமானது. நல்ல ஐரிஸ் இருக்கும்போதே அதன் முன்னால், கார்னியாவுக்கும் அதற்கும் இடையிலுள்ள குறுகிய அறைக்குள், நிறமுள்ள சிலிக்கோன் வட்டை நுழைப்பதுதான் அந்த அழகு அறுவை. அது கார்னியாவின் உட்புறச் செல்களை உரசித் தேய்க்கிறது. அந்தச் செல்கள் மீண்டும் பெருகுவதில்லை. நீர் வடியும் மூலையை அடைத்துக் கண்ணழுத்தத்தைக் கூட்டுகிறது. இப்படி வைத்துக்கொண்ட பலருக்குப் பின்னர் அதை எடுக்க வேண்டி வந்ததும், கார்னியா மாற்றும் அளவுக்குப் போனதும், பார்வை இழந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அமெரிக்கக் கண் மருத்துவக் கழகமும் இதை எச்சரித்திருக்கிறது. மேலே சொன்ன அனுமதி பெற்ற சிலிக்கோன் திரைகூட, ஐரிஸ் இல்லாத அல்லது சிதைந்த கண்ணுக்கு மட்டுமே. அதிலும் இயற்கை லென்ஸ் தெளிவாக உள்ள கண்ணில் வைப்பது வழக்கமில்லை. கட்டுப்படாத அழற்சி, சிகிச்சை பெறாத கண்ணழுத்தம், பிரிந்த விழித்திரை உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது.

"தம்பி, கதவு போன வீட்டுக்குத்தான் பலகை வச்சு அடைக்கிறாங்க. நல்ல தேக்குக் கதவு இருக்கிற வீட்டுல நீ ஏன்டா பலகை தேடற?" என்றேன். வீட்டுக்கு வரச் சொல்லி, என் சொட்டு மருந்துக் குப்பிகளைக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. அந்த எண்ணத்தைக் கைவிட்டுவிட்டதாக அவன் அம்மா பிறகு சொன்னார்.

அடிபட்ட அந்த நேரத்தில்

ஆண்டவன் புண்ணியத்தில் யாருக்கும் நேர வேண்டாம். நேர்ந்தால் இவற்றை மனத்தில் வையுங்கள்.

கண்ணைக் கசக்காதீர்கள், அழுத்தாதீர்கள், துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள். கிழிந்த கண்ணை அழுத்தினால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும்.

ஏதாவது குத்தி நின்றால் பிடுங்காதீர்கள்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்து எதுவும் விடாதீர்கள். கிழிந்த கண்ணைத் தண்ணீரால் கழுவவும் வேண்டாம். சுண்ணாம்போ அமிலமோ பட்டால் மட்டும் இதற்கு நேர்மாறு: உடனே, நிறையத் தண்ணீரால், கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு காகிதக் கோப்பையைக் கண்ணில் படாதபடி, சுற்றியுள்ள எலும்பின்மேல் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு புறப்படுங்கள். காபிகூடக் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வெறும் வயிறு வேண்டும்.

பக்கத்துக் கிளினிக்கில் நேரத்தைப் போக்காமல், கண் அறுவை நடக்கும் மருத்துவமனைக்கே நேராகப் போங்கள்.

காயம் ஆறிய பின்பும் தொடர்ந்து காட்டுங்கள். அரிதாக, அடிபட்ட கண்ணால் உடலின் எதிர்ப்புச் சக்தி தூண்டப்பட்டு நல்ல கண்ணையும் தாக்குவது உண்டு. மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் ஊசியால் ஒரு கண்ணில் குத்துப்பட்ட லூயி பிரெய்ல் பின்னர் இரு கண்ணும் இழந்தார் என்பது நாம் அறிந்ததே.

முடிவாக

செயற்கை ஐரிஸ் பற்றி என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அது போன கண்ணைத் திருப்பித் தராது. போன கதவுக்குப் பதிலாக ஒரு பலகையை வைத்து, நடுவில் ஒரு ஜன்னலை விட்டுத் தரும். அந்த ஜன்னலின் மதிப்பு, கதவில்லாமல் இரண்டு வருடம் வெயிலில் கிடந்தவனுக்குத்தான் தெரியும். அடிபட்ட கண் இனி அவ்வளவுதான் என்று ஒருவரும் கைவிட வேண்டியதில்லை. விழித்திரை நலமாயிருந்தால் வழி இருக்கிறது. நல்ல கண் உள்ளவர்கள் வழி தேட வேண்டியதும் இல்லை.

மடியில் உட்கார்ந்து கேட்ட அந்தக் குழந்தைக்கு: கண்ணு, தாத்தா கண்ணுக்குள்ள ஒரு கதவு இருந்துது. கயிறு இழுக்கும்போது தாத்தா ஜாக்கிரதையா இல்லை, உடைஞ்சு போச்சு. டாக்டரம்மா கறுப்பா ஒரு பலகை வச்சுக் கொடுத்தாங்க. அதனாலதான் அப்படித் தெரியுது. உன் கண்ல நல்ல கதவு இருக்கு. பட்டாசு விடும்போது அம்மா தர்ற கண்ணாடியைப் போட்டுக்கோ.